பத்திரம் ஏறும்

சரக்... சரக்... சரக்.

குருவிக்கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் செருப்பைக் கழற்றும்போதே குழந்தைவேலுவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஆளைக் காணோம். மேலே எங்கோ, பாறையில் எதையோ போட்டுத் தேய்க்கிற சத்தம். மூன்று தடவை தேய்ப்பு, அப்புறம் சளப்பென்று தண்ணீர். மறுபடி மூன்று தடவை.

மூன்று. அவர் அதைச் சட்டைப்பை டைரியில் குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நாட்டின் வட்டி விகிதத்தை அறிவிப்பார்கள். ஏற்றுவார்கள், இல்லை இறக்குவார்கள், இல்லை அப்படியே விட்டுவிடுவார்கள். உலகத்தில் வேறு எதுவும் அன்றைக்கு நடக்கப்போவதாக அவருக்குத் தெரியவில்லை.

வயது ஐம்பத்தொன்பது. மூடிப்போன ஒரு நூற்பாலையின் ஓய்வுபெற்ற தொழிலாளர் நலச் சங்கத்துக்குப் பத்தொன்பது வருஷமாகப் பொருளாளர். முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மாசாமாசம் சங்கத்திலிருந்து பணம் போகிறது. அந்தச் சங்கத்தின் முதல் போன வருஷம் வரை பேங்கில் வைப்புத்தொகையாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது அவ்வளவும் அரசாங்கக் கடன் பத்திரம். முப்பது வருஷப் பத்திரம்.

அப்படி மாற்றியவர் குழந்தைவேலு. மாற்றச் சொன்னது கரட்டின் மேல் இருக்கிற அம்மா. அப்படித்தான் சங்கத்தில் எல்லோரும் நம்பினார்கள்.

அம்மாவின் பெயர் செங்கமலம். வயது நாற்பத்தாறு, குழந்தைவேலுவைவிடப் பதின்மூன்று வயது இளையவர். ஈரோட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு இந்தக் கரட்டுக்கு வந்து சேர்ந்தவர். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. மேலே ஒரு சுனை, ஒரு தகரக் கொட்டகை. வருகிறவர்களுக்குப் பிரஷர் பார்ப்பார். மனசு சரியில்லை என்று வருகிறவர்களுக்கும் முதலில் பிரஷர்தான் பார்ப்பார்.

குழந்தைவேலு தன்னை அவருடைய சீடர் என்று சொல்லிக்கொள்வார். அம்மா அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

பாறையில் வெட்டிய படிகள், எழுபத்து மூன்று. சுனைத் தண்ணீர் கசிந்து கசிந்து வருஷம் முழுக்க ஈரம். குழந்தைவேலு எண்ணிக்கொண்டே ஏறினார். நாற்பத்தொன்றாம் படியில் நின்றார். குனிந்து அதைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் நெற்றியிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு ஏறினார்.

ஐம்பத்தெட்டாம் படியில் அம்மா தெரிந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மணலைப் போட்டுத் தேங்காய் மட்டையால் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

"வாங்ணா," என்றார், தலை நிமிராமல். "சித்த அக்கட்டால நில்லுங்க. அழுக்குத் தண்ணி வருது."

அவர் நகர்ந்தார்.

"இன்னும் ஒரு படி இறங்குங்க."

"இறங்குமுங்களா?" டைரி வெளியே வந்துவிட்டது.

"என்னது?"

"இல்லீங்கம்மா, இறங்கும்னு..."

"உங்க வேட்டியில தண்ணி படுதுன்னு சொன்னேன்."

அவர் டைரியை மூடவில்லை. விரலை நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

அம்மா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நெத்தியில என்னங்ணா, பச்சையா?"

குழந்தைவேலு தொட்டுப் பார்த்தார். விரலில் வழவழப்பாக ஒட்டியது. "நாப்பத்தொண்ணாம் படியைத் தொட்டுக் கும்பிட்டனுங்."

"எதுக்கு?"

"என்னங்கம்மா இப்புடிக் கேட்டுப்போட்டீங்க? அந்தப் படியிலதானுங்களே எனக்கு நீங்க வாக்குக் குடுத்தீங்க."

அம்மா மட்டையைக் கீழே வைத்தார். "நான் ஒரு வாக்கும் குடுக்கலையே?"

"போன ஆடி மாசமுங். வட்டி ஏறிட்டே இருந்த நேரம். பத்திரம் வாங்கலாமா வேண்டாமான்னு உங்களைக் கேக்கோணும்னு ஏறி வந்துட்டிருந்தனுங். இன்னும் ஒரு வார்த்தை கேக்கலை. நாப்பத்தொண்ணாம் படியில கால் வெக்கறேன், மேல இருந்து நீங்க சத்தம் போட்டீங்க."

"என்னன்னு?"

குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "பத்திரம்! ஏறும்!"

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"கேக்கறதுக்கு முந்தியே சொன்னீங்க பாருங்க, எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. அங்கேயே திரும்பிட்டனுங். அந்தப் படியிலதான் டவர் கிடைக்குது. அங்க நின்னுட்டே புரோக்கர் தங்கமுத்துக்குப் போன் போட்டு, அவ்வளவையும் வாங்குடான்னு சொல்லிப்போட்டேன். வட்டி இறங்குச்சு. பத்திரத்து விலை ஏறுச்சு. எட்டு மாசத்துல நாப்பத்தொரு லட்சம் லாபமுங். ஆபீஸ்ல இந்தக் கரட்டுப் படத்தைப் பிரேம் போட்டு மாட்டியிருக்குதுங்க. உங்களைப் பத்திரத்தம்மான்னுதான் சொல்றாங்க."

"அன்னிக்கு நீங்கதானா அது?" என்றார் அம்மா மெதுவாக.

"நான்தானுங்."

"பாதிப் படியில திரும்பி ஓடுனீங்களே, வயித்தைக் கலக்கிடுச்சாக்கும்னு நினைச்சேன்."

"இல்லீங்க."

"அண்ணா. அன்னிக்கு ஆடிக்காத்து அப்புடி அடிச்சுது. நான் சொன்னதுல பாதியைத்தான் அது உங்ககிட்டக் கொண்டுவந்திருக்குது."

"மீதி என்னங்கம்மா?" டைரி திறந்தது.

"'பத்திரம்! ஏறும்போது பாசி'ன்னேன்."

பேனா தாளைத் தொட்டபடி நின்றது.

"கால் வழுக்கிருமேன்னு சொன்னேன்," என்றார் அம்மா. "வேற ஒண்ணும் சொல்லலை."

கீழே சாலையில் ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிகிற வரைக்கும் குழந்தைவேலு டைரியையே பார்த்தார். பிறகு, தன் ஊர்க்காரன் ஒருவனுக்குக் கோர்ட்டில் வக்காலத்து வாங்குகிறவர்போல, "ஆனா ஏறுச்சுங்களே!" என்றார்.

"ஏறியிருக்கும்."

"அப்பப் பலிச்சுதுங்களே!"

"அண்ணா!"

"நீங்க தெரியாமயே சொல்லியிருக்கலாமுங். உங்க வாயில இருந்து ஆண்டவன் சொல்லியிருக்கலாமில்லைங்களா? காத்து மீதியை அடிச்சிட்டுப் போனதும் அவன் வேலையா இருக்கலாமில்லைங்களா?"

"பாசின்னு சொன்னது மட்டும் ஆண்டவன் இல்லையாக்கும்?"

அவர் விடுவதாக இல்லை. ஒரு படி மேலே வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரிங்கம்மா. நடந்தது நடந்துச்சு. இப்ப ஒரே ஒரு வார்த்தை. சந்தையில வட்டி மூணு வாரமா மறுபடி ஏறுது. வட்டி ஏறுனா பத்திரம் இறங்கும். அது எப்புடின்னா..."

"வேண்டாங்ணா."

"ரெண்டே வரி. நம்மகிட்ட இருக்கற பழைய பத்திரத்துல நூத்துக்கு ஏழு ரூபா வட்டின்னு வெச்சுக்குங்க. நாளைக்குப் புதுப் பத்திரத்துல ஏழரை குடுக்கறாங்க. அப்ப நம்ம பழசை எவன் முழு விலைக்கு வாங்குவான்? அஞ்சு ரூபா, ஆறு ரூபா கொறைச்சுத்தான் கேப்பான். அதுதான் இப்ப நடக்குது. இது எங்க திரும்பும்னு தெரிஞ்சாப் போதும். ஏறுன வட்டி இறங்க ஆரம்பிக்கற எடம். அந்த வளைவு."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா... எல்லாம் தெரிஞ்ச மாதிரிங்கம்மா."

அம்மா வாளியைத் தூக்கி அடுத்த படியில் தண்ணீரை ஊற்றினார். "நான் ஊசி போட்டுட்டு இருந்தவ. எனக்கென்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லைங்க. வாயைத் தொறந்து ஏதாச்சும் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

"என்னத்தைச் சொல்ல?"

"என்ன வேணும்னாலும்."

"தூங்குனீங்களா?"

அவர் எழுதப்போனார். நிறுத்திக்கொண்டார். உண்மையில் தூங்கவில்லை. காலை ஐந்து மணிக்கே எழுந்து அமெரிக்காவில் என்ன ஆயிற்று என்று பார்க்கிற பழக்கம் வந்து ஒரு வருஷமாகிறது. தூக்கத்தில் "ஏழு புள்ளி மூணு நாலு" என்று உளறுவதாக வீட்டுக்காரி அவருடைய மச்சினனிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

அம்மா இனிமேல் ஒன்றும் பேசுவதில்லை என்று முடிவு கட்டியவர்போல உதட்டைச் சேர்த்துக்கொண்டார். பேசாமல் மணலைத் தூவினார். பேசாமல் தேய்த்தார்.

குழந்தைவேலு அந்த மௌனத்தையும் சிறிது நேரம் உற்றுக் கேட்டார்.

"மாறாதுங்களா?" என்றார் மெதுவாக. "அப்புடியே விட்டுருவாங்கன்னு சொல்றீங்களா?"

அம்மா மட்டையை வாளிக்குள் எறிந்தார். தண்ணீர் இரண்டு பேர் மேலும் தெறித்தது.

"அய்யோ, சாமி!" என்றார். "பேசுனா ஏறும், இறங்கும்ங்கறீங்க. பேசலைன்னா மாறாதுங்கறீங்க. நான் தும்முனா என்னங்ணா? அதுக்கென்ன அர்த்தம்?"

குழந்தைவேலு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அதைப் பார்த்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியிலேயே நின்றும் போனது.

முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பாறை உரசி இரண்டு முழங்காலும் சிவந்திருந்தன.

"கால் வலிக்குது. முட்டிக்கு அடியில போட்டுக்கறதுக்கு வேண்டாத காகிதம் ஏதாச்சும் இருந்தாக் குடுங்க."

இது ஒன்றையாவது செய்யலாம் என்று குழந்தைவேலுவுக்கு மகிழ்ச்சி. தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். உள்ளே கற்றை கற்றையாகக் காகிதம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். போன ஆறு மாசம் வட்டி ஏறி இறங்கிய கோடு. இது வேண்டும். மூன்று வருஷக் கோடு. இதுவும் வேண்டும். பத்திரிகையில் யாரோ ஒரு நிபுணர் எழுதியது. வேண்டும். அதே பத்திரிகையில் இன்னொரு நிபுணர் அதற்கு நேர் எதிராக எழுதியது. அது கண்டிப்பாக வேண்டும். பருத்தி விலை, பெட்ரோல் விலை, மழைக் கணக்கு. எல்லாமே வட்டியைத் தொடும்.

அடியில் நான்காக மடித்த ஒரு தாள் கிடந்தது. அதில் கோடு எதுவும் இல்லை. எடுத்து நீட்டினார்.

"இதைப் போட்டுக்குங்க."

அம்மா வாங்கினார். முழுசாக விரித்தால்தான் முட்டிக்குக் காணும் என்று மடிப்பைப் பிரித்தார். பிரித்தவர் தரையில் போடவில்லை. கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். கண்ணாடி கொட்டகையில் இருந்தது.

"அனுப்புநர், பழனாத்தாள், பஞ்சு கோதும் கார்டிங் பிரிவு, வயது எழுபத்தொன்று."

குழந்தைவேலு பையை மூடிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"ஐயா, எனக்குப் பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்து மூச்சு வாங்குகிறது. படுக்க முடியவில்லை. உட்கார்ந்துகொண்டே தூங்குகிறேன். டாக்டர் ஆக்சிஜன் மிஷின் வீட்டில் வைக்கச் சொல்லிவிட்டார். சங்கத்து வைத்தியக் கணக்கிலிருந்து ஐம்பத்தெட்டாயிரம்..."

அதற்குக் கீழே மீதி இருந்தது. அம்மா மீதியை வாய்க்குள் படித்தார். கடைசியில் ஒரு கைநாட்டு.

"இதுவாங்ணா வேண்டாதது?"

"அய்யய்யோ, இல்லீங்கம்மா. அது தெரியாம... கோடு போட்டது எதையும் குடுத்தறக் கூடாதுன்னு பாத்தனா, அது கைக்கு வந்துருச்சு."

"தேதி பதினோரு நாளைக்கு முந்தி போட்டிருக்குது."

"ஆமாங்."

"உங்க கையெழுத்து வேணும்போல இருக்குதே, இந்த எடத்துல."

"ஆமாங்."

"பேனா உங்க கையிலதான இருக்குது?"

குழந்தைவேலு பேனாவைப் பார்த்தார், ஏதோ அது இத்தனை நேரமும் வேறு யாரோ பிடித்துக்கொண்டிருந்ததுபோல.

"வைத்தியக் கணக்கு தனியா பேங்கில இருந்துச்சுங்கம்மா. எண்பது லட்சம். போன மாசம் அதையும் பத்திரத்துல போட்டுட்டேன். இன்னும் ஏறும்னு... சரி, அதை விடுங்க. போட்ட மறு வாரத்துல இருந்து விலை இறங்குது. இப்ப வித்தா நட்டமுங்க. அடுத்த வட்டி வர்றதுக்கு நாலு மாசம் ஆகும். திரும்பிடுச்சுன்னா, மறு நிமிஷமே வித்து மிஷின் வாங்கிக் குடுத்துருவேன். பத்து நாள்ல திரும்பும்னு கணக்குப் போட்டேன். அது பதினொண்ணாச்சு."

"எவ்வளவு நட்டம்?"

"மொத்தமா வித்தாங்களா?"

"மிஷினுக்கு மட்டும் வித்தா."

அவர் கால்குலேட்டரைத் தேடவில்லை. பதினோரு நாளாகத் தினமும் போடுகிற கணக்கு. "மூவாயிரத்து எண்ணூறு."

அம்மா அந்தத் தொகையை ஒரு தடவை திருப்பிச் சொன்னார்.

"பணம் பெருசில்லைங்க," என்றார் குழந்தைவேலு அவசரமாக. "பத்தொன்பது வருஷத்துல சங்கத்துக் கணக்குல நட்டம்னு நான் ஒரு வரி எழுதுனதில்லீங்கம்மா. ஒரே ஒரு வரி. அதுவும் நட்டமே இல்லைன்னும் சொல்லலாம். விக்காம வெச்சிருந்தா முப்பது வருஷம் கழிச்சு அரசாங்கம் முழுசாக் குடுத்துரும். ஒரு பைசா குறையாது."

"முப்பது வருஷம் கழிச்சு பழனாத்தாளுக்கு என்ன வயசு?"

"நூத்தி ஒண்ணு," என்றார் அவர். கணக்கில் எப்போதும் வேகம்.

சொன்ன பிறகுதான் அது அவருடைய காதிலேயே விழுந்தது.

வாளியின் ஓரத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

"உங்களுக்கு அந்தம்மாவைத் தெரியுமா?" என்று கேட்டார் அம்மா.

"தெரியாமங்களா? மில்லுல நான் டைம் ஆபீஸ். எட்டு மணிச் சங்கு ஊதறதுக்குள்ள கேட்டுக்குள்ள வரோணும். அது புள்ளையை அவுங்க ஆத்தா வீட்டுல விட்டுப்போட்டு ஓடி வரும். அப்புடி ஓடும். சங்கு ஊதி முடியறதுக்கும் அதோட கால் கேட்டுக்குள்ள வர்றதுக்கும் சரியா இருக்கும். ஒரு நாள் கூட நான் லேட்டுன்னு போட்டதில்லை." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு தடவை போட்டேன்," என்றார்.

அம்மா தாளை மடித்தார். கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க வார்டுல ஒரு வாத்தியார் இருந்தாரு," என்றார். "கணக்கு வாத்தியார். சம்சாரத்துக்குக் காய்ச்சல்னு கொண்டாந்து சேத்தியிருந்தாரு. கால்மாட்டுல சார்ட்டு தொங்கும். நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா நாங்க காய்ச்சலைப் பாத்துப் புள்ளி வெப்போம். அவரு அதைப் பாத்துப் பாத்து ஒரு நோட்டுல கோடு போட்டுட்டே இருப்பாரு. ஏறுது, இறங்குது, ஏறுது. மூணாம் நாள் என்கிட்ட வந்து, 'சிஸ்டர், நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பும்'னாரு."

"திரும்புச்சுங்களா?" குழந்தைவேலு எழுந்துவிட்டார்.

"திரும்புச்சு. அவரு சொன்ன மாதிரியே. நாலு மணிக்கு."

"பாத்தீங்களா!"

"வார்டு பூரா நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுனாரு. எல்லாரும் வாங்கி வாங்கிப் பாத்தாங்க. டாக்டரே பாத்தாரு."

"அப்புறமுங்?"

"ரெண்டு மணியிலிருந்து அவரு சம்சாரம் தண்ணி கேட்டுட்டு இருந்துச்சு."

குழந்தைவேலு நின்றபடியே இருந்தார். காற்று அவருடைய பையின் வாயைத் திறந்து மூடியது. கோபம்போல, "அப்ப நீங்க எங்கீங்க இருந்தீங்க?" என்று கேட்டார். "நீங்கதானுங்களே நர்ஸு?"

"நானும் அந்த நோட்டைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

அம்மா தாளை நீட்டினார்.

அவர் வாங்கிக்கொண்டார். டைரியை அட்டையாக வைத்து, அதன்மேல் தாளைப் பரப்பி, கைநாட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். முழுப் பெயரும் போட்டார். தேதி போடும்போது கை ஒரு கணம் தயங்கியது. பதினோரு நாளுக்கு முந்தைய தேதியைப் போடலாமா என்று நினைத்தவர்போல. இன்றைய தேதியையே போட்டார்.

தாளைச் சட்டைப்பையில் வைத்தார். கோடு போட்ட கற்றையைப் பையிலிருந்து எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் முட்டிக்கு அடியில் வைத்தார். நல்ல கனம். மெத்தைபோல இருந்தது.

"போதுங்களா?"

"தாராளம்."

அவர் இறங்கத் திரும்பினார். ஒரு படி இறங்கினார். நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டே, திருடன்போலக் கேட்டார்.

"அம்மா. சும்மா ஒரு இதுக்குக் கேக்கறனுங். எப்பத்தான் திரும்பும்?"

அம்மா மட்டையை வாளியிலிருந்து எடுத்து உதறினார்.

"பத்திரம்," என்றார்.

குழந்தைவேலு அசையவில்லை. ஓடவும் இல்லை. காற்று அடித்தது, காதை அந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"இறங்கும்போது," என்றார் அம்மா.

அவர் இன்னும் நின்றார்.

"நாப்பத்தொண்ணாம் படியில எடதுபக்கம் கால் வெக்காதீங்க. அங்க இன்னும் தேய்க்கல."

"அப்புறமுங்?"

"அவ்வளவுதாங்ணா."

நாற்பத்தொன்றாம் படியில் வலதுபக்கமாக நின்று அவர் தங்கமுத்துக்குப் போன் போட்டார். வைத்தியக் கணக்கில் அறுபதாயிரத்துக்கு விற்கச் சொன்னார். ஆமாம், இன்றைக்கே. ஆமாம், நட்டத்துக்குத்தான்.

"அண்ணா, கரட்டுல இருந்தா பேசறீங்க?" தங்கமுத்துவின் குரல் தணிந்தது. "அம்மா என்ன சொன்னாங்க? ஏறுமா, இறங்குமா?"

"எடதுபக்கம் பாசின்னாங்க."

"அப்புடின்னா?"

மேலேயிருந்து சத்தம் மறுபடி கேட்டது. மூன்றோடு நிற்கவில்லை.

சரக்... சரக்... சரக்... சரக்.